"கொழுப்பு நோர்மல்தானே டொக்டர்?" – நீரிழிவு உள்ளவர்கள் தங்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கையை வாசிப்பது எப்படி?

அவருக்கு அப்போது 52 வயது. போரில் மிதிவெடியில் சிக்கி இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். மீள்குடியேறிய பின் வீட்டு வாசலில் சிறிய பலசரக்குக் கடை போட்டுக் குடும்பத்தைப் பார்த்து வந்தார். நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கிளினிக் நாளைத் தவறவிடமாட்டார். வெறும் வயிற்றுச் சீனி 118. கிளினிக் கொப்பியின் நடுவே மடித்து வைத்திருந்த அறிக்கையை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"கொழுப்பு நோர்மல்தானே டொக்டர்? எனக்கும் அந்தக் குளிசை தேவையோ?"

அன்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வெளியே காத்திருந்தார்கள். நான் மொத்தக் கொலஸ்ரோலைப் பார்த்தேன்: 186. எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்ரோலைப் பார்த்தேன்: 97. இரண்டுமே ஆய்வுகூடம் அச்சடித்திருந்த எல்லைக்குள் இருந்தன. "ஓம் அண்ணை, பரவாயில்லை. இப்போதைக்குக் குளிசை தேவையில்லை. எண்ணெயைக் குறையுங்கோ" என்று சொல்லி அனுப்பினேன்.

நான்கு மாதம் கழித்து அவருக்கு மாரடைப்பு வந்தது. நெஞ்சு நோவு இருக்கவில்லை. காலையில் கடையைத் திறக்கும்போது வியர்த்துக் கொட்டி, மூச்சு வாங்கியிருக்கிறது. வெயிலாக்கும் என்று நினைத்து மத்தியானம் வரை படுத்திருந்திருக்கிறார். உயிர் தப்பினார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது. இன்று அந்தக் கடையை நடத்துவது அவருடைய மகள்.

அந்த அறிக்கையில் வேறு இரண்டு எண்களும் இருந்தன. எச்.டி.எல். 31. ரைகிளிசரைட் 290. அந்த நான்கு எண்களையும் சேர்த்து வாசித்திருந்தால் அது 'நோர்மல்' அறிக்கை அல்ல என்பது தெரிந்திருக்கும். குளிசை கொடுத்திருந்தால் மாரடைப்பே வந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாய்ப்பைக் குறைத்திருக்கலாம். அதைச் செய்யாமல் விட்டது என் தவறு. எங்கள் கிளினிக்குகளில் கூட்டம் இன்னமும் குறையவில்லை. மருத்துவர் உங்களுடன் செலவழிக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். ஆகவே உங்கள் அறிக்கையை நீங்களே வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எண்ணெய் சேர்க்காதவருக்கும் கொழுப்பு ஏறுவது ஏன்?

"நான் எண்ணெயே தொடுறதில்லை, எனக்கு எப்படிக் கொழுப்பு வந்தது?" என்று கேட்காத நோயாளி இல்லை. நியாயமான கேள்வி. அதற்கான பதில் நீரிழிவுக்குள்ளேயே இருக்கிறது.

இன்சுலின் என்றதும் சீனியைக் கட்டுப்படுத்தும் சுரப்பு என்றே நாங்கள் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். உடலில் கொழுப்பை எங்கே வைப்பது, எப்போது எடுப்பது என்பதைத் தீர்மானிப்பதும் இன்சுலின்தான். எங்கள் தோலுக்குக் கீழும் வயிற்றைச் சுற்றியும் உள்ள கொழுப்பு ஒரு களஞ்சியம் போன்றது. இன்சுலின் சரியாக வேலை செய்யும்போது அந்தக் களஞ்சியம் பூட்டியிருக்கும். உடல் இன்சுலினுக்குப் பணியாத நிலை வந்தால் பூட்டு தளர்ந்துவிடும். கொழுப்பமிலங்கள் இரத்தத்தில் கசிந்து ஈரலைச் சென்றடையும். ஈரல் அவற்றை ரைகிளிசரைட்டாக மாற்றி, பொதிகளாகக் கட்டி மீண்டும் இரத்தத்தில் விடும். போதாததற்கு, நாங்கள் உண்ணும் சோறு, பாண், சீனி போன்றவற்றில் தேவைக்கு மிஞ்சியதையும் ஈரல் கொழுப்பாக மாற்றுகிறது. இரத்தக்குழாய்ச் சுவரில் நின்று இந்தப் பொதிகளை இறக்கும் நொதியத்துக்கும் இன்சுலினின் துணை தேவை. அது குறையும்போது பொதிகள் இறங்காமல் இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆகவே எண்ணெய் தொடாமல் மூன்று வேளையும் கோப்பை நிறையச் சோறும், நாலைந்து தடவை சீனி போட்ட தேநீரும் எடுக்கும் ஒருவருக்கு ரைகிளிசரைட் 300ஐத் தாண்டுவது வியப்பான விடயமல்ல.

மூன்று மாற்றங்கள் சேர்ந்தே வரும்

நீரிழிவில் வரும் கொழுப்புக் குழப்பத்துக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. மூன்று மாற்றங்கள் ஒன்றாக வரும்.

முதலாவது, ரைகிளிசரைட் ஏறும். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, எச்.டி.எல். இறங்கும். இதை 'நல்ல கொலஸ்ரோல்' என்பார்கள். இரத்தத்தில் ரைகிளிசரைட் பொதிகள் அதிகமாக இருந்தால் அவை எச்.டி.எல். துணிக்கைகளுடன் சரக்கை மாற்றிக்கொள்ளும். ரைகிளிசரைட் ஏறிய எச்.டி.எல். விரைவில் சிதைந்து உடலைவிட்டு வெளியேறிவிடும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. அது அறிக்கையில் தெரியாதது. இதே சரக்கு மாற்றத்தால் எல்.டி.எல். துணிக்கைகள் சிறியனவாகவும் அடர்த்தியானவையாகவும் ஆகிவிடுகின்றன. இதை விளங்கிக்கொள்ள ஓர் உதாரணம். நூறு மூட்டை நெல்லைப் பெரிய லொறியில் ஏற்றினால் ஒரே லொறியில் போய்விடும். லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றினால் பல தடவை ஓடவேண்டும். நெல் அதே நூறு மூட்டைதான், ஆனால் வீதியில் ஓடும் வண்டிகள் அதிகம். அறிக்கையில் வரும் எல்.டி.எல். எண் மூட்டைகளைத்தான் கணக்கிடுகிறது, வண்டிகளை அல்ல. இரத்தக்குழாய்ச் சுவரைச் சேதப்படுத்துவதோ வண்டிகள். சிறிய துணிக்கைகள் சுவருக்குள் இலகுவாக நுழைகின்றன, இரத்தத்தில் நீண்ட நேரம் தங்குகின்றன, எளிதில் கெட்டுப்போகின்றன. நுழைந்த இடத்தில் கொழுப்புப் படிவு உருவாகிறது. அந்தப் படிவு வெடித்து இரத்தம் உறையும்போது, இதயத்தில் என்றால் மாரடைப்பு, மூளையில் என்றால் பாரிசவாதம், காலில் என்றால் ஆறாத புண்ணும் சில வேளை கால் இழப்பும்.

அதனால்தான் நீரிழிவு உள்ள ஒருவரின் எல்.டி.எல். 97 என்பதும், நீரிழிவு இல்லாத ஒருவரின் 97 என்பதும் ஒன்றல்ல.

அறிக்கையைக் கையில் எடுங்கள்

உங்கள் அறிக்கையில் பொதுவாக நான்கு எண்கள் இருக்கும்: மொத்தக் கொலஸ்ரோல், எச்.டி.எல்., எல்.டி.எல்., ரைகிளிசரைட். இலங்கையில் இவை டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதப்படும்.

இதில் பலர் அறியாத ஒன்று உண்டு. பெரும்பாலான ஆய்வுகூடங்களில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை. மற்ற மூன்று எண்களிலிருந்து கணக்கிடப்படுகிறது. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்து, ரைகிளிசரைட்டின் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். கடைக்கார அண்ணையின் அறிக்கையை எடுத்துக்கொண்டால்: 186இலிருந்து 31ஐக் கழிக்க 155. ரைகிளிசரைட் 290இன் ஐந்தில் ஒன்று 58. அதையும் கழிக்க 97. ரைகிளிசரைட் கூடக்கூட, கழிக்கும் தொகையும் கூடுகிறது. எல்.டி.எல். நல்லது போலத் தோன்றுகிறது. ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கையே நம்பமுடியாது.

ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் இன்னொரு எண்ணையும் பார்க்கவேண்டும். அதற்கு மேலதிகப் பரிசோதனையோ பணமோ தேவையில்லை. மொத்தக் கொலஸ்ரோலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழியுங்கள். வருவது 'நொன் எச்.டி.எல்.'. இரத்தக்குழாயில் படியக்கூடிய எல்லாப் பொதிகளின் கொலஸ்ரோலும் இதற்குள் அடங்கும். அண்ணையின் நொன் எச்.டி.எல். 155. அவருக்கு அது 100க்குக் கீழே இருந்திருக்க வேண்டும். நான் ஒரு கழித்தல் கணக்குச் செய்திருந்தால் போதும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கான இலக்குகள் பொதுவாக இவை:

• எல்.டி.எல்.: 40 வயதைத் தாண்டிய, பிறசர், புகைத்தல், சிறுநீரகப் பாதிப்பு போன்ற ஏதாவது ஒன்றும் சேர்ந்தவர்களுக்கு 70க்குக் கீழ். ஏற்கனவே மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர்களுக்கு 55க்குக் கீழ்.

• நொன் எச்.டி.எல்.: உங்களுக்குரிய எல்.டி.எல். இலக்குடன் 30ஐக் கூட்டுங்கள். 70 என்றால் 100. 55 என்றால் 85.

• ரைகிளிசரைட்: 150க்குக் கீழ்.

• எச்.டி.எல்.: ஆண்களுக்கு 40க்கு மேல், பெண்களுக்கு 50க்கு மேல்.

வெளிநாடுகளில் இருந்து வாசிப்பவர்கள் பலரின் அறிக்கைகள் மில்லிமோலில் இருக்கும். எல்.டி.எல். 70 என்பது அங்கே 1.8, 55 என்பது 1.4. ரைகிளிசரைட் 150 என்பது 1.7.

ஆய்வுகூடத் தாளில் ஓரத்தில் அச்சடிக்கப்பட்டிருக்கும் எல்லை எல்லோருக்கும் பொதுவானது. 'மொத்தம் 200க்குக் கீழ் சரி' என்று அது சொல்லும். உங்களுக்கு நீரிழிவு இருப்பது அந்தத் தாளுக்குத் தெரியாது.

இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமா என்று கேட்பார்கள். பெரும்பாலானோருக்கு இல்லை. சாப்பிட்ட பின் எடுத்ததில் ரைகிளிசரைட் 400க்கு மேல் வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் திரும்பச் செய்யவேண்டும். ஆனால் கிளினிக்கில் சீனிக்கும் சேர்த்து வெறும் வயிற்றில் வரச் சொன்னால் அப்படியே செல்லுங்கள்.

எங்கள் மக்களுக்கு இதில் தனிக் கவனம் ஏன்?

இந்தக் குழப்பம் உலகம் முழுவதிலும் உள்ள நீரிழிவு நோயாளர்களுக்குப் பொதுவானது. ஆனால் போரைக் கடந்து வந்தவர்களிடம் சில விடயங்கள் கூடுதலாகச் சேர்ந்திருக்கின்றன.

முதலாவது, கால் இழந்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் கால் இழந்த அமெரிக்க வீரர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 1980இல் வெளியானது. முழங்காலுக்கு மேலே கால் இழந்தவர்களிடையே, அதிலும் இரு கால்களையும் இழந்தவர்களிடையே, இதய நோயால் ஏற்பட்ட மரணம் அதிகமாக இருந்தது. நடமாட்டம் குறைவது இதற்கு ஒரு காரணம். பெரிய தசைகள்தான் சீனியையும் ரைகிளிசரைட்டையும் எரிக்கும் அடுப்புகள். அவற்றில் ஒரு பகுதியை இழந்தவர் மற்றப் பகுதிகளுக்குக் கூடுதல் வேலை கொடுக்கவேண்டும். கதிரையில் இருந்தபடியே இரண்டு கைகளிலும் தண்ணீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்கி இறக்கலாம். கைகளால் ஊன்றி உடலைக் கதிரையிலிருந்து உயர்த்தி இறக்கலாம். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை என்று தொடங்குங்கள். செயற்கைக்கால் உரசிப் புண் வந்தால் அதை மறைக்காமல் காட்டுங்கள். எஞ்சியிருக்கும் காலை ஒவ்வோர் இரவும் விரலிடுக்கு வரை பாருங்கள். மிதிவெடிக்கு ஒரு காலைக் கொடுத்தவர் நீரிழிவுக்கு மற்றக் காலைக் கொடுக்கக்கூடாது.

இரண்டாவது, பசி. முள்ளிவாய்க்காலில் ஒரு கோப்பைக் கஞ்சிக்காக வரிசையில் நின்ற ஒருவரிடம் "சோற்றைக் குறையுங்கோ" என்று சொல்வது இலகுவல்ல. கோப்பையில் ஒரு பருக்கையையும் மிச்சம் விடமுடியாதவர்கள் என் கிளினிக்கில் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் மிச்சம் விடச் சொல்வதில்லை. போடும்போதே சிறிய கோப்பையில் போடச் சொல்கிறேன்.

கருவில் இருந்தபோது பட்ட பசியும் உடலில் தங்குகிறது. 1944–45 குளிர்காலத்தில் நாஜிப் படைகளின் முற்றுகையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் வாடியது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதளவில் பரிசோதித்தபோது அவர்களின் உடல் சீனியைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. கருவின் ஆரம்ப மாதங்களில் பட்டினிக்கு ஆளானவர்களிடம் கொழுப்பு விகிதமும் மோசமாக இருந்தது, இதய நோயும் கூடுதலாக இருந்தது. 2009இல் வன்னியில் பிறந்த பிள்ளைகளுக்கும் இது கட்டாயம் நடக்கும் என்று அர்த்தமல்ல. அவர்களின் எடையைக் கவனிப்பதும், சோடா, பொரித்த தீன்களைக் கட்டுப்படுத்துவதும், வயது வந்ததும் சீனியைச் சோதிப்பதும் நல்லது என்பதுதான் இதிலிருந்து நாங்கள் எடுக்கவேண்டிய பாடம்.

மூன்றாவது, மனநோய்க்கான மருந்துகள். இழப்பின் பின் பல ஆண்டுகளாக மனநலக் கிளினிக்கில் மருந்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒலன்சபின் போன்ற சில மருந்துகள் உடல் எடையையும் சீனியையும் ரைகிளிசரைட்டையும் ஏற்றக்கூடியவை. அதற்காக அந்த மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் வரும் ஆபத்து பெரிது. "எனக்குச் சீனியும் கொழுப்பும் பார்க்கவேணும்" என்று அங்கேயே கேளுங்கள்.

சாப்பாட்டில் எதை மாற்றுவது?

ரைகிளிசரைட் ஏறியிருந்தால் முதலில் கைவைக்கவேண்டியது எண்ணெயில் அல்ல, மாச்சத்திலும் சீனியிலும்தான். சோறு, புட்டு, இடியப்பம், பாண் எல்லாம் ஒரே குடும்பம். "இரவில சோறு விட்டிட்டன் டொக்டர், பாண்தான்" என்பதில் பயனில்லை. கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்பங்கு மீன், பருப்பு அல்லது முட்டை, மிகுதிக் கால்பங்கு சோறு. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் வேலியிலும் வளவிலும் கிடைப்பவை.

பனங்கட்டி பற்றி ஒரு நம்பிக்கை உண்டு. சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்தால் வருத்தத்துக்குக் கெடுதல் இல்லை என்பார்கள். பனங்கட்டியும் பெரும்பகுதி சீனிதான். உடலுக்கு இரண்டும் ஒன்றுதான். கள்ளு இயற்கையானது என்பார்கள். ஆனால் மதுசாரம் எந்த வடிவில் போனாலும் ஈரலை ரைகிளிசரைட் செய்யத் தூண்டும். அளவு 500ஐத் தாண்டினால் கணையத்தில் அழற்சி வரும் ஆபத்து உண்டு. 1000ஐத் தாண்டினால் அது மிக அதிகம். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும் கடும் நோவும் வாந்தியும் வந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். இந்த அளவில் இருப்பவர்கள் மதுவை முற்றாக நிறுத்தவேண்டும், எண்ணெயையும் மிகக் குறைக்கவேண்டும்.

எல்.டி.எல். கூடியிருந்தால் கவனிக்கவேண்டியது நிறைவுற்ற கொழுப்பு. எங்கள் சமையலில் அது பெரும்பாலும் தேங்காயிலிருந்து வருகிறது. தேங்காயெண்ணெய் எச்.டி.எல்.லைக் கூட்டும் என்பது உண்மை. எல்.டி.எல்.லையும் அது கூட்டும் என்பதும் உண்மை. தேங்காயை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், நானே விடவில்லை. முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் கறி வையுங்கள். ஒரே கறிச் சாப்பாட்டில் பால் கறியும் சம்பலும் சொதியும் மூன்றும் வேண்டாம். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம்.

மீனில் சூடை, சாளை போன்ற சிறிய மீன்கள் விலையும் குறைவு, ரைகிளிசரைட்டுக்கும் நல்லவை. பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். வெந்தயம், உள்ளி எல்லாம் சாப்பாட்டில் சேர்க்கலாம். ஆனால் அவை குளிசைக்குப் பதில் அல்ல.

சீனி கட்டுக்குள் வந்தாலே ரைகிளிசரைட் நன்றாக இறங்கும். எல்.டி.எல். அப்படி இறங்காது. அதற்குத்தான் குளிசை.

அந்த இரவுக் குளிசை

பலர் 'இரவுக் குளிசை' என்று சொல்வது ஸ்ரற்றின் வகை மருந்தை. அற்றோவஸ்ரற்றின், றொசுவஸ்ரற்றின், சிம்வஸ்ரற்றின் என்ற பெயர்களில் வரும். கொலஸ்ரோலின் பெரும்பகுதி நாங்கள் சாப்பிடுவதிலிருந்து வருவதில்லை, உடலே செய்கிறது. ஈரலில் அந்த உற்பத்தியைக் குறைத்து, இரத்தத்தில் உள்ள எல்.டி.எல்.லை ஈரல் திரும்ப எடுக்கும்படி செய்வது இந்த மருந்து. சிம்வஸ்ரற்றினை இரவில் எடுக்கவேண்டும். மற்ற இரண்டையும் எந்த நேரத்திலும் எடுக்கலாம். மறக்காத நேரமே நல்ல நேரம்.

நீரிழிவு உள்ள, இதய நோய் அதுவரை வராத 2,838 பேரிடம் அற்றோவஸ்ரற்றின் 10 மில்லிகிராமைச் சோதித்த 'கார்ட்ஸ்' ஆய்வு 2004இல் வெளியானது. அவர்களின் எல்.டி.எல். பெரிதாக உயர்ந்திருக்கவில்லை. இருந்தும் மருந்து எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் 37 வீதம் குறைந்தன. பாரிசவாதம் மட்டும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். அதன் பின்தான் நீரிழிவு உள்ள 40 வயதைத் தாண்டியவர்களுக்கு, எல்.டி.எல். எண் எதுவாக இருந்தாலும் ஸ்ரற்றின் கொடுப்பது நடைமுறையானது. அந்த அண்ணை என் முன்னால் இருந்தபோது இந்த ஆய்வு வெளிவந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நானும் படித்திருந்தேன்.

இந்தக் குளிசையைப் பற்றிக் கிளினிக்கில் நான் கேட்கும் கேள்விகள் இவை.

"கொழுப்புக் குறைஞ்சிட்டுது, இனி நிப்பாட்டலாமே?" குறைந்தது குளிசையால். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே போய்விடும். வீட்டுக் கூரை ஒழுகவில்லை என்பதற்காக யாரும் ஓட்டைக் கழற்றுவதில்லை.

"உடம்பு உளையுதாம்." சிலருக்குத் தசை நோவு வருவது உண்மை. ஆனால் வெற்றுக் குளிசை எடுத்தவர்களிடமும் ஏறத்தாழ அதே அளவு உளைவு இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோவு வந்தால் நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு வகைக்கு மாற்றலாம். கடும் தசை நோவுடன் சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் மட்டும் குளிசையை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள்.

"ஈரல் பழுதாகுமாம்." அது மிக அரிது. தொடங்குமுன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்வோம். நீரிழிவுடன் வரும் ஈரல் கொழுப்பு இந்தக் குளிசையை மறுப்பதற்குக் காரணமல்ல.

"சீனியைக் கூட்டுமாம்." சிறிதளவு கூட்டலாம். அதனால் வரும் கெடுதலைவிட மாரடைப்பைத் தடுப்பதால் வரும் நன்மை பல மடங்கு.

கர்ப்பமாக இருக்கும், அல்லது பிள்ளைக்கு ஆயத்தமாகும் பெண்கள் இதை எடுப்பதாக இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும். பொதுவாக அக்காலத்தில் நிறுத்துவோம்.

2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பட்டபோது பலர் குளிசைகளை வெளியே வாங்கவேண்டி வந்தது. காசு காணாதபோது முதலில் விட்டது இந்தக் குளிசையைத்தான். விட்டால் தலை சுற்றாது, நோகாது. எதுவும் நடக்காதது போலவே இருக்கும். அதுதான் இதிலுள்ள ஆபத்து. பிள்ளையின் ரியூசன் காசுக்காகத் தன் குளிசையை ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுத்த தாய்மாரை எனக்குத் தெரியும். மருந்து கிடைக்காவிட்டால், வாங்க முடியாவிட்டால், கூச்சப்படாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். கிடைக்கக்கூடிய வேறு வகைக்கு மாற்றித் தரமுடியும்.

நெஞ்சு நோவு இல்லாத மாரடைப்பு

நீரிழிவு நரம்புகளையும் பாதிக்கும். அதனால் இதயத்தின் நோவு சிலருக்குத் தெரிவதில்லை. காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்குதல், கடும் களைப்பு, வாந்தி, தாடையிலோ கையிலோ வரும் உளைவு ஆகியன திடீரென வந்தால் 'வாயு' என்று இஞ்சிச் சாறு குடித்துப் படுக்காதீர்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அது பாரிசவாதமாக இருக்கலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். ஓட்டோ தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். இழக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையில் ஒரு பகுதியை இழப்பதுதான்.

அடுத்த கிளினிக்கில் கேட்கவேண்டியவை

நீரிழிவு உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது கொழுப்புப் பரிசோதனை செய்யவேண்டும். குளிசை தொடங்கியவர்கள், அளவு மாற்றியவர்கள் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் திரும்பச் செய்யவேண்டும். ரைகிளிசரைட் மிக அதிகமாக இருந்தால் தைரொயிட்டும் சிறுநீரகமும் சோதிக்கவேண்டும். அவற்றின் குறைபாடும் கொழுப்பை ஏற்றும். இன்னும் நீரிழிவு இருக்கிறதா என்றே தெரியாதவர்கள், 35 வயதைத் தாண்டியிருந்தால், அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் இலவசமாகச் சோதிக்கலாம்.

உங்கள் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இந்த மூன்று கேள்விகளையும் எழுதி வைத்திருங்கள்:

என்னுடைய எல்.டி.எல். இலக்கு எவ்வளவு?

என் நொன் எச்.டி.எல். எவ்வளவு?

எனக்கு ஸ்ரற்றின் குளிசை தேவையில்லை என்றால், ஏன் தேவையில்லை?

மூன்றாவது கேள்விக்கு மருத்துவர் பதில் சொல்லத்தான் வேண்டும். கேட்டால் கோபிப்பார் என்று பயப்படவேண்டாம்.

கடைக்கார அண்ணை இப்போதும் கிளினிக்குக்கு வருகிறார். மகள் மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு வருவாள். சென்ற தடவை மேசையில் தாளை வைக்கும்போதே ஓரத்தில் பேனாவால் ஒரு கழித்தல் கணக்கு எழுதியிருந்தது. மொத்தம் 118, எச்.டி.எல். 37, மிகுதி 81. "எண்பத்தைஞ்சுக்குக் கீழதானே டொக்டர்?" என்று கேட்டார். ஓம் என்றேன். ஆனாலும் நான்கு எண்களையும் ஒரு தடவை நானே பார்த்த பிறகுதான் சொன்னேன்.